இரட்டை இயங்குதள மடிக்கணினியில் உறங்குநிலை

உறங்குநிலை என்பது, கணினியின் நினைவகத்தில் ஒரு குறிப்பிட்ட தருணத்தில் உள்ள அனைத்தையும் வன்தட்டில் எழுதி வைத்துவிட்டு, அதன் பின்னர் மின்சாரத்தை முற்றாகத் துண்டித்துக்கொள்ளும் நிலை ஆகும். மீண்டும் மின்பொத்தானை அழுத்தும்போது, எழுதி வைக்கப்பட்டது வன்தட்டிலிருந்து நினைவகத்திற்குத் திரும்பக் கொண்டுவரப்படுகின்றது. திறந்திருந்த கோப்புகளும் சாளரங்களும் விட்ட இடத்திலேயே காணப்படும். விண்டோஸ் இயங்குதளத்தின் பட்டியில் இது ஹைபர்னேட் என்ற பெயரில் உள்ளது. ஒரே மடிக்கணினியில் விண்டோஸ், லினக்ஸ் ஆகிய இரண்டும் நிறுவப்பட்டிருக்கையில் இவ்வசதியை அமைப்பதில் கூடுதல் கவனம் தேவைப்படுகின்றது. ஓர் இயங்குதளம் உறங்கிக்கொண்டிருக்கும்போது மற்றொன்று அதன் கோப்புகளைத் தொட்டுவிட்டால் கோப்புகள் மீட்கமுடியாதவாறு சிதைந்துபோக வாய்ப்புண்டு.

தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகள் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என இரு இயங்குதளங்களுடன் வந்தமையால், பெருந்தொகையான மாணவர்களுக்குக் கணினியுடனான முதல் அறிமுகமே இரட்டை இயங்குதளத்துடன் அமைந்தது.

பெயர்

சில விலங்குகள் குளிர்காலம் முழுவதும் உடலியக்கத்தைக் குறைத்துக்கொண்டு உறங்குவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே கணினித்துறைக்கும் கொண்டுவரப்பட்டது. தமிழ்நாட்டுச் சமவெளிகளில் அத்தகைய குளிர்காலம் இல்லை. கோடையில் ஈரம் தேடி மண்ணுக்குள் புதைந்து கிடந்து, மழை பெய்தவுடன் வெளிவரும் தவளையே இங்குள்ளவர்க்கு நெருக்கமான உவமையாகும். தமிழில் இதற்கென ஒரு சொல் இன்னும் நிலைபெறவில்லை. இக்கட்டுரையில் உறங்குநிலை என்பது ஹைபர்னேட்டையும், இடைநிறுத்தம் என்பது ஸ்லீப் அல்லது சஸ்பெண்டு எனப்படுவதையும் குறிக்கும்.

இடைநிறுத்தத்திலிருந்து வேறுபாடு

இவ்விரண்டும் ஒன்றெனப் பலரால் கருதப்படுகின்றன. இடைநிறுத்தத்தில் திரை, வன்தட்டு, செயலி ஆகியன அணைக்கப்பட்டாலும் நினைவகத்திற்கு மட்டும் மின்சாரம் தொடர்ந்து சென்றுகொண்டிருக்கும். ஆகையால் கணினி ஓரிரு நொடிகளில் விழித்துக்கொள்ளும். ஆனால் மின்கலம் முழுவதும் தீர்ந்துவிட்டால் நினைவகத்தில் இருந்தவை அனைத்தும் அழிந்துவிடும். உறங்குநிலையில் மின்சாரம் சிறிதும் தேவைப்படுவதில்லை. மின்கலத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்துப் பொருத்தினாலும் வேலை அப்படியே இருக்கும்.

இந்நிலைகளுக்கான பொது வரையறையை இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் 1996 டிசம்பரில் ஏசிபிஐ என்ற பெயரில் வெளியிட்டன. அதன்படி இடைநிறுத்தம் எஸ்3 எனவும், உறங்குநிலை எஸ்4 எனவும், முழு அணைப்பு எஸ்5 எனவும் குறிக்கப்படும். அண்மைக்கால மடிக்கணினிகள் பலவற்றில் எஸ்3 நீக்கப்பட்டு, கைப்பேசியைப் போல அரை விழிப்பில் இருக்கும் வேறொரு முறை புகுத்தப்பட்டுள்ளது. அத்தகைய கணினி பைக்குள் இருக்கும்போதே விழித்துச் சூடாவதும், காலையில் எடுத்துப் பார்க்கையில் மின்கலம் தீர்ந்திருப்பதும் நேர்வதால், பழைய வசதியான உறங்குநிலைக்கு மீண்டும் தேவை எழுந்துள்ளது.

வரலாறு

விண்டோஸ் குடும்பத்தில், கணினித் தயாரிப்பாளரின் தனி மென்பொருளை நம்பியிராமல் இயங்குதளமே உறங்குநிலையைக் கையாளும் வசதி விண்டோஸ் 2000 பதிப்பில் நன்கு அமைந்தது. 2007-இல் பொதுப் பயன்பாட்டிற்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில், நினைவகத்திற்கு மின்சாரம் அளித்துக்கொண்டே வன்தட்டிலும் படியெடுத்து வைக்கும் கலப்பு முறை சேர்க்கப்பட்டது. 2012-இல் வெளியான விண்டோஸ் 8, விரைவுத் தொடக்கம் என்னும் வசதியைக் கொண்டுவந்தது. இரட்டை இயங்குதளப் பயனர்களுக்கு இதுவே பெருந்தொல்லையாயிற்று. அதன் விவரம் கீழே தரப்பட்டுள்ளது.

லினக்ஸில் இம்முயற்சி 1990-களின் இறுதியில் காபோர் குட்டி என்பவரால் தொடங்கப்பட்டது. பாவெல் மாசெக் அதனை மேம்படுத்தி, 2002-இல் லினக்ஸ் கருனியின் 2.5 வரிசையில் சேர்த்தார். இதே காலத்தில் நைஜல் கன்னிங்காம் தலைமையில் டக்ஸ்ஆன்ஐஸ் எனப் பின்னர் பெயர் பெற்ற மாற்று வடிவம் தனியாக வளர்ந்தது. வேகமும் வசதிகளும் மிகுந்திருந்தும் அது முதன்மைக் கருனியில் ஏற்கப்படவில்லை. உபுண்டு வழங்கல், பல வன்பொருள்களில் உறங்குநிலை சரிவர இயங்கவில்லை எனக் கூறி 2012 ஏப்ரலில் வெளியான 12.04 பதிப்பில் அதனைப் பட்டியிலிருந்தே நீக்கிவிட்டது. வசதி கருனியில் இருந்தும் பயனர் கண்ணில் படாமற்போனமைக்கு இதுவே காரணம்.

தமிழ்நாட்டு மடிக்கணினிகளும் மின்வெட்டும்

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. அரசு, அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயில்வோருக்கு இவை வழங்கப்பட்டன. கொள்முதல் பொறுப்பை எல்காட் நிறுவனம் ஏற்றிருந்தது. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்டவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்புடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. ஸ்டார்ட்டர் பதிப்பு 2 ஜிபிக்கு மேற்பட்ட நினைவகத்தைப் பயன்படுத்தாது. திரையின் பின்னணிப் படத்தை மாற்றும் வசதியும் அதில் கிடையாது. ஆயினும் உறங்குநிலை அதிலும் உண்டு.

பாஸ் லினக்ஸ் என்பது டெபியன் வழங்கலை அடிப்படையாகக் கொண்டு, சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தால் உருவாக்கப்பட்டது. கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் 2005-இல் அமைக்கப்பட்டதன் தொடர்ச்சியாக இம்முயற்சி நடைபெற்றது. சி-டாக் சென்னையும், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் உள்ள ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் அவ்வள மையத்தில் பங்குபெற்றன. டெபியன் வழிவந்தது என்பதால், டெபியனுக்கும் உபுண்டுவுக்கும் பொருந்தும் அமைப்புமுறையே பாஸ் லினக்ஸுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

இத்திட்டம் நடைமுறைக்கு வந்த காலமும், தமிழ்நாட்டில் மின்பற்றாக்குறை உச்சத்தை எட்டிய காலமும் ஒன்றாகவே அமைந்தன. 2012-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சென்னைக்கு வெளியே உள்ள மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேலாக மின்வெட்டு நிலவியது. மதுரைக்குத் தென்மேற்கே, கன்னியாகுமரி நெடுஞ்சாலையிலிருந்து இராசபாளையம் வழியாகச் செங்கோட்டை செல்லும் சாலை பிரியும் திருமங்கலத்திலும், அதனைச் சுற்றியுள்ள கள்ளிக்குடி, தே. கல்லுப்பட்டி, பேரையூர் பகுதிச் சிற்றூர்களிலும் இதே நிலைதான். மின்சாரம் ஒரு மணி நேரம் வருவதும் ஒரு மணி நேரம் போவதுமாக இருக்கும் ஊரில், கணினியை ஒவ்வொரு முறையும் அணைத்துத் தொடங்குவதற்கே மின்கலத்தின் ஒரு பங்கு செலவாகிவிடும். உறங்குநிலை பயன்படுவது இத்தகைய சூழலில்தான்.

இங்கு கவனிக்கத்தக்க ஒரு நிகழ்வுத் தொடர் உண்டு. மின்கலம் மிகவும் குறைந்துபோகும்போது விண்டோஸ் தானாகவே உறங்குநிலைக்குச் சென்றுவிடும். மடிக்கணினிகளில் இதுவே இயல்பிருப்பு அமைப்பு. பயனருக்கோ கணினி அணைந்துவிட்டது என்ற எண்ணமே ஏற்படும். மின்சாரம் திரும்பியதும் பொத்தானை அழுத்துவார். க்ரப் என்னும் தொடக்க ஏற்றியின் பட்டி தோன்றும். சில நொடிகளுக்குள் எதையும் தேர்ந்தெடுக்காவிடில் பட்டியின் முதல் வரியில் உள்ள இயங்குதளம் தொடங்கும். அது லினக்ஸாக இருந்தால், உறங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸின் பிரிவுகள் அதன் கோப்புலாவியில் தெரியும். அவற்றுள் ஒன்றைத் திறந்தால், பிரிவை ஏற்ற இயலவில்லை என்றோ, படிக்க மட்டுமே இயலும் என்றோ ஒரு செய்தி வரும். இச்செய்தியைப் பிழை எனக் கருதி அதனைத் தாண்டிச் செல்ல முயல்வதே பெரும்பாலான இழப்புகளின் தொடக்கம்.

கோப்புகள் ஏன் சிதைகின்றன

இயங்குதளம் ஒன்று வன்தட்டுப் பிரிவைப் பயன்படுத்தும்போது, எந்தக் கோப்பு எங்கே உள்ளது, எந்த இடம் காலியாக உள்ளது என்னும் விவரங்களின் ஒரு பகுதியை நினைவகத்திலேயே வைத்துக்கொள்கின்றது. உறங்குநிலைக்குச் செல்லும்போது இவ்விவரங்களும் சேர்த்தே எழுதப்படுகின்றன. விழித்தெழும் இயங்குதளம் தான் உறங்கியதையே அறியாது. வன்தட்டு தான் விட்டபடியே இருப்பதாக அது நம்பும்.

மளிகைக் கடைக்காரர் ஒருவர் கணக்கேட்டில் நாற்பதாம் பக்கம் வரை எழுதிவிட்டு, நாற்பத்தொன்றிலிருந்து எழுதவேண்டும் என மனத்தில் இருத்திக்கொண்டு கண்ணயர்கின்றார் எனக் கொள்வோம். அவ்வேளையில் வேறொருவர் வந்து நாற்பத்தொன்று முதல் ஐம்பது வரை எழுதி வைத்துவிட்டுப் போகின்றார். விழித்தவர் ஏட்டைப் பார்க்காமலேயே நாற்பத்தொன்றாம் பக்கத்தில் தம் கணக்கை எழுதத் தொடங்கினால் இருவர் கணக்கும் கெடும். கோப்பு முறைமையில் நேர்வதும் இதுவே. கெடுவது லினக்ஸிலிருந்து சேமித்த கோப்பு மட்டுமன்று. கோப்புகளின் அட்டவணையே குழம்பிவிடுவதால், யாரும் தொடாத பழைய கோப்புகளும் சேர்ந்து அழியக்கூடும்.

இதனைத் தடுக்க லினக்ஸ் பக்கம் ஒரு காவல் உண்டு. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பிரிவுகளைப் படிக்கவும் எழுதவும் உதவும் என்டிஎஃப்எஸ்-3ஜி என்னும் இயக்கி, 2007 பிப்ரவரியில் நிலையான முதல் பதிப்பை எட்டியது. பிரிவை ஏற்றும் முன்னர் அங்கு விண்டோஸின் உறங்குநிலைக் கோப்பு உயிருடன் உள்ளதா என அது பார்க்கும். இருப்பின் எழுதும் அனுமதியுடன் ஏற்ற மறுத்துவிடும். மேலே குறிப்பிட்ட செய்தி இதனால் வருவதே. அக்கோப்பை நீக்கிவிட்டு ஏற்றும் விருப்பத்தேர்வு ஒன்றும் அவ்வியக்கியில் உள்ளது. இணையத்தில் இதற்குத் தீர்வு தேடுவோர்க்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் இவ்விருப்பத்தேர்வுதான். அதைக் கையாண்டால் பிரிவு திறக்கும். ஆனால் விண்டோஸில் சேமிக்கப்படாமல் திறந்திருந்த வேலை முழுவதும் போய்விடும். முந்தைய இரவு தட்டச்சு செய்த செய்முறை ஏடு அதில் இருந்திருந்தால் அதுவும் போகும். சரியான செயல், கணினியை மீளத் தொடங்கி, விண்டோஸைத் தேர்ந்தெடுத்து, அதனை எழுப்பி, கோப்புகளைச் சேமித்து, முறையாக அணைத்துவிட்டு லினக்ஸுக்கு வருவதே ஆகும். இதற்கு ஐந்து நிமிடத்திற்கு மேல் ஆகாது.

எதிர்த்திசையில் இத்தகைய காவல் எதுவும் இல்லை. லினக்ஸ் உறங்கிக்கொண்டிருக்கின்றது என்பதை விண்டோஸ் அறியாது. லினக்ஸ் உறங்கும்போது ஒரு என்டிஎஃப்எஸ் பிரிவை ஏற்றி வைத்திருந்து, இடையில் விண்டோஸ் அப்பிரிவில் எழுதிவிட்டால், லினக்ஸ் விழித்தெழுந்தவுடன் சிதைவு தொடங்கும். லினக்ஸுக்கே உரிய எக்ஸ்ட்4 பிரிவுகளை விண்டோஸ் தொடுவதில்லை என்பதால் அவற்றுக்கு ஆபத்தில்லை.

இரண்டு லினக்ஸ் வழங்கல்களை அருகருகே வைத்திருப்போர்க்கு வேறொரு பொறி உண்டு. பாஸ் லினக்ஸுக்கு அருகில் உபுண்டுவையும் நிறுவிக்கொண்டவர்கள் இவ்வகையினர். உறங்கும் லினக்ஸின் பிரிவை மற்றொரு லினக்ஸிலிருந்து படிக்க மட்டும் என ஏற்றினாலும், எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 கோப்பு முறைமைகள் தம் பதிவேட்டில் நிலுவையில் உள்ள மாற்றங்களை உடனே நிறைவேற்றிவிடும். படிப்பதற்காகத் திறந்ததே எழுதியதாக ஆகிவிடும்.

விண்டோஸில் அமைத்தல்

விண்டோஸ் தன் படிமத்தை சி பிரிவின் வேர்க் கோப்புறையில் ஹைபர்ஃபில் என்னும் மறைகோப்பில் எழுதுகின்றது. விண்டோஸ் 7-இல் இதன் அளவு நினைவகத்தில் 75 விழுக்காடு ஆகும். 2 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் ஏறத்தாழ 1.5 ஜிபி இடம் இதற்கென ஒதுங்கிவிடும். இடம் போதவில்லை என இதனை அழிக்க முயல்வோர் உண்டு. வசதியை அணைக்காமல் கோப்பை மட்டும் அழிக்க விண்டோஸ் விடாது.

கட்டளைச் சாளரத்தை நிருவாகி உரிமையுடன் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்னும் கட்டளையை ஹைபர்னேட் ஆன் என்ற சுட்டுடன் இயக்கினால் வசதி செயற்படத் தொடங்கும். அதே கட்டளையை ஏ என்ற சுட்டுடன் இயக்கினால் அக்கணினியில் எந்தெந்த நிலைகள் கிடைக்கும் என்ற பட்டியல் வரும். விண்டோஸ் 7-இல் கலப்பு முறை இயக்கத்தில் இருந்தால் ஹைபர்னேட் பட்டியில் தோன்றாது. மின்திட்ட அமைப்புகளில் அக்கலப்பு முறையை அணைத்தால் தோன்றும்.

விண்டோஸ் 8-உம் அதற்குப் பிந்திய பதிப்புகளும் கொண்டுள்ள விரைவுத் தொடக்கம், அணைப்பு என்ற பெயரில் நடைபெறும் பாதி உறக்கம் ஆகும். பயனரின் நிரல்கள் மூடப்பட்டாலும், விண்டோஸின் கருனி உறங்குநிலைக் கோப்பில் எழுதப்பட்டுவிடுகின்றது. ஆகவே முறையாக அணைத்த பின்னரும் லினக்ஸ் அப்பிரிவுகளை ஏற்ற மறுக்கின்றது. மீளத்தொடங்கு என்பதைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் முழுவதுமாக அணைந்து எழும். இரட்டை இயங்குதளக் கணினியில் இதனை அணைத்து வைப்பதே நன்று. கட்டுப்பாட்டுப் பலகத்தின் மின்சாரப் பகுதியில், மின்பொத்தான்கள் செய்யவேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் இதற்கான குறிப்பெட்டி உள்ளது. ஹைபர்னேட்டைப் பட்டியில் காட்டும் குறிப்பெட்டியும் அதே பக்கத்தில்தான் இருக்கின்றது. பவர்சிஎஃப்ஜி கட்டளையால் ஹைபர்னேட்டை அணைத்தால் விரைவுத் தொடக்கம், உறங்குநிலை இரண்டும் சேர்ந்தே போய்விடும். உறங்குநிலை வேண்டும், விரைவுத் தொடக்கம் மட்டும் வேண்டாம் என்போர் குறிப்பெட்டியையே பயன்படுத்த வேண்டும். விண்டோஸின் பெரிய இற்றைப்படுத்தல் ஒவ்வொன்றின் பின்னரும் அக்குறிப்பெட்டியைச் சரிபார்ப்பது நல்லது.

லினக்ஸில் அமைத்தல்

லினக்ஸ் தன் படிமத்தை இடமாற்றுப் பிரிவில் எழுதுகின்றது. நினைவகம் போதாதபோது பயன்படும் ஸ்வாப் எனப்படும் அதே பிரிவுதான் இது. கருனி படிமத்தை நினைவகத்தின் ஐந்தில் இரு பங்கு அளவுக்குள் சுருக்க முயலும். ஆயினும் இடமாற்றுப் பிரிவில் வழக்கமான பயன்பாடும் இருக்கும் என்பதால், நினைவகத்திற்குச் சமமான அளவாவது ஒதுக்குவது பாதுகாப்பானது. 2 ஜிபி நினைவகத்துக்கு 2 முதல் 3 ஜிபி வரை போதும். நினைவகத்தின் இருமடங்கு வேண்டும் என்ற பழைய விதி 16 ஜிபி நினைவகம் கொண்ட இன்றைய கணினிகளுக்குத் தேவையற்றது. இசட்ராம் என்னும் நினைவகத்தினுள்ளேயே அமையும் இடமாற்றிடம் இதற்கு உதவாது. மின்சாரம் போனால் அதுவும் போய்விடும்.

கீழே தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ள கட்டளைப் பெயர்கள் முனையத்தில் சிறிய ஆங்கில எழுத்துகளில் இடப்பட வேண்டியவை. முதலில் ஸ்வாப்ஆன் கட்டளையை ஷோ என்ற சுட்டுடன் இயக்கி, இடமாற்றுப் பிரிவு இயங்குகின்றதா, அதன் அளவு என்ன என்பதை அறியலாம். அடுத்து பிஎல்கேஐடி கட்டளையால் அப்பிரிவின் யூயூஐடி அடையாள எண்ணைப் பெறவேண்டும். அவ்வெண்ணை இரண்டு இடங்களில் எழுதுதல் வேண்டும். ஒன்று, க்ரப் ஏற்றியின் அமைப்புக் கோப்பில் கருனிக்கான சுட்டுகள் உள்ள வரி. அங்கு ரெஸ்யூம் என்ற சுட்டாக இதனைச் சேர்த்து, அப்டேட்-க்ரப் கட்டளையை இயக்கவேண்டும். மற்றொன்று, இனிட்ராம்எஃப்எஸ் கருவிகளின் அமைப்புக் கோப்புறையில் உள்ள ரெஸ்யூம் என்னும் கோப்பு. அதில் எழுதிய பின்னர் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை யூ என்ற சுட்டுடன் இயக்கவேண்டும். டெபியன் குடும்பத்தில் நிறுவலின்போதே இவ்விரண்டாம் பகுதி தானாக அமைந்துவிடுவது உண்டு. ஆயினும் எண் சரியானதுதானா எனப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

எண் மாறிப்போவதே லினக்ஸ் பக்கத்தில் மிகவும் அடிக்கடி நேரும் கோளாறு. இரண்டாவது லினக்ஸ் ஒன்றை நிறுவும்போது, அதன் நிறுவி வன்தட்டில் ஏற்கெனவே உள்ள இடமாற்றுப் பிரிவைத் தனதாக்கிக்கொண்டு புதிதாக வடிவமைத்துவிடும். அப்போது அப்பிரிவுக்குப் புதிய யூயூஐடி உண்டாகும். பழைய லினக்ஸ் இல்லாத எண்ணைத் தேடிக்கொண்டு தொடக்கத்திலேயே நெடுநேரம் நிற்கும், உறக்கத்திலிருந்தும் எழாது. அன்றியும், ஒரு லினக்ஸின் உறக்கப் படிமத்தின்மேல் மற்றொன்று எழுதிவிடும். உறங்குநிலையைப் பயன்படுத்தும் ஒவ்வொரு லினக்ஸுக்கும் தனி இடமாற்றுப் பிரிவு இருக்கவேண்டும்.

உபுண்டு 17.04 முதல் தனிப்பிரிவுக்குப் பதிலாக இடமாற்றுக் கோப்பு இயல்பிருப்பாக அமைக்கப்படுகின்றது. அவ்வாறாயின் ரெஸ்யூம் சுட்டில் அக்கோப்பு உள்ள பிரிவின் எண்ணையும், ரெஸ்யூம் ஆஃப்செட் என்ற சுட்டில் அக்கோப்பு வன்தட்டில் தொடங்கும் இடத்தையும் தரவேண்டும். ஃபைல்ஃபிராக் கட்டளையை வி சுட்டுடன் இயக்கினால் வரும் அட்டவணையில், முதல் வரியின் பௌதிகத் தொடக்க எண்ணே அது. கோப்பை அழித்து மீண்டும் உருவாக்கினால் இவ்வெண் மாறும். பிரிவு இருப்போர் பிரிவையே வைத்துக்கொள்வது எளிது.

சோதனைக்கு முன் எல்லாக் கோப்புகளையும் சேமித்து மூடிவிட்டு, வெற்று உரைத்தொகுப்பி ஒன்றில் ஏதேனும் ஒரு வரியைத் தட்டச்சு செய்து சேமிக்காமல் வைக்கவேண்டும். பின்னர் சிஸ்டம்சிடிஎல் ஹைபர்னேட் என்ற கட்டளையை இயக்கவேண்டும். சிஸ்டம்டி இல்லாத பழைய வழங்கல்களில் பிஎம்-ஹைபர்னேட் என்பது கட்டளை. கணினி முழுவதும் அணைந்து, மீண்டும் தொடங்கும்போது அவ்வரி அப்படியே இருந்தால் அமைப்பு சரி. வெறும் மேசைத்தளம் தோன்றினால் ரெஸ்யூம் எண் தவறு. திரை கறுப்பாகவே நின்றுவிட்டால் வரைகலை இயக்கியை ஐயுறலாம். கணினி அணையாமல் தொங்கி நின்றால், சிஸ்டம்டியின் அமைப்புக் கோப்பில் உறங்குநிலை முறையை பிளாட்ஃபார்ம் என்பதிலிருந்து ஷட்டௌன் என்று மாற்றிப் பார்க்கவேண்டும். மூன்று, நான்கு முறை தொடர்ந்து வெற்றி பெற்ற பின்னரே உண்மையான வேலையை இதனிடம் ஒப்படைக்கலாம்.

யூஇஎஃப்ஐ கணினிகளில் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால், பெரும்பாலான வழங்கல்களின் கருனி உறங்குநிலையை அனுமதிப்பதில்லை. படிமத்தை இடையில் எவரேனும் மாற்றியிருக்கக்கூடும் என்பது இதற்குக் கூறப்படும் காரணம். 2019-இல் வந்த லினக்ஸ் 5.4 முதல் இக்கட்டுப்பாடு முதன்மைக் கருனியிலேயே இடம்பெற்றது. 2011, 2012 ஆண்டுகளின் மடிக்கணினிகளில் செக்யூர் பூட் பொதுவாகக் கிடையாது. பழைய கணினிகளில் இவ்வசதியை அமைப்பது எளிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மின்கலம் தீரும்போது நிகழ்வதும் இவ்வமைப்பைப் பொறுத்ததே. லினக்ஸின் யூபவர் சேவை, மின்கலம் ஆபத்தான அளவுக்குக் குறைந்தால் முதலில் கலப்பு முறையையும், அது இயலாவிடில் உறங்குநிலையையும், அதுவும் இயலாவிடில் முழு அணைப்பையும் மேற்கொள்ளும். உறங்குநிலை அமைக்கப்படாத லினக்ஸில், மின்வெட்டு நீளும் இரவில் சேமிக்காத வேலை அழிந்துவிடும்.

பகிர்வுப் பிரிவைக் கையாளுதல்

இரு இயங்குதளங்களிலிருந்தும் பாடங்களையும் படங்களையும் அணுகுவதற்கெனப் பொதுவான என்டிஎஃப்எஸ் பிரிவு ஒன்றை வைத்திருப்பது பரவலான வழக்கம். வசதியானதே எனினும் சிதைவு பெரும்பாலும் நேர்வது இப்பிரிவில்தான். லினக்ஸின் எஃப்எஸ்டேப் கோப்பில் இப்பிரிவுக்கு நோஆட்டோ என்ற விருப்பத்தேர்வைக் கொடுத்து, தொடக்கத்திலேயே தானாக ஏற்றப்படாதவாறு செய்யவேண்டும். தேவைப்படும்போது ஏற்றி, வேலை முடிந்ததும் இறக்கிவிடலாம். உறங்குவதற்கு முன் தானாகவே இறக்கும் சிறு நிரலை சிஸ்டம்டியின் உறக்கக் கோப்புறையில் வைப்பதும் இயலும். ஆனால் ஏதேனும் ஒரு கோப்பு அப்பிரிவிலிருந்து திறந்திருந்தால் இறக்கம் தோல்வியடையும் என்பதையும், நிரல் அதைக் கவனிக்காவிடில் கணினி அப்படியே உறங்கிவிடும் என்பதையும் மறத்தலாகாது.

பேனா நினைவகங்களும் இவ்வாறே. செருகிய நிலையில் கணினியை உறங்கவிட்டு, அதைக் கழற்றி நண்பர் கணினியிலோ இணைய மையத்திலோ பயன்படுத்திவிட்டு மீண்டும் செருகி எழுப்பினால் அதிலுள்ள கோப்புகளுக்கு உறுதியில்லை.

எல்லாவற்றையும் கருதுமிடத்து, இரண்டு இயங்குதளங்களிலும் உறங்குநிலையை வைத்திருப்பதைவிட, அன்றாடம் பயன்படுத்தும் ஒன்றில் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எப்போதும் முழுவதும் அணைப்பதே தக்கது. லினக்ஸை அன்றாடம் பயன்படுத்துவோர் விண்டோஸில் ஹைபர்னேட்டை அணைத்துவிடலாம். அப்போது மின்கலம் குறைகையில் விண்டோஸ் தானாக உறங்காது என்பதால், அங்கு வேலை செய்யும்போது அடிக்கடி சேமித்துக்கொள்ளவேண்டும். விண்டோஸை அன்றாடம் பயன்படுத்துவோர், க்ரப் பட்டியில் இயல்பான தேர்வாக விண்டோஸை அமைத்துக்கொள்ளலாம். அவ்வாறு அமைத்தால், இருட்டில் பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பி வருவதற்குள் தவறான இயங்குதளம் தொடங்கியிருக்காது.

பிற சிக்கல்கள்

மடிக்கணினியின் உட்கடிகாரத்தில் உள்ள நேரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் ஒருங்கிணைந்த உலக நேரமாகவும் கொள்வதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது இந்தியாவில் சரியாக ஐந்தரை மணி நேர வேறுபாடு காணப்படும். இது உறங்குநிலையின் கோளாறு அன்று. டைம்டேட்சிடிஎல் கட்டளையால் லினக்ஸையும் உள்ளூர் நேரத்திற்கு மாற்றினால் தீரும்.

லினக்ஸில் புதிய கருனி நிறுவப்பட்டவுடன், ஒருமுறை மீளத்தொடங்கிய பின்னரே உறங்குநிலைக்குச் செல்லவேண்டும். பழைய கருனியின் படிமத்தைப் புதிய கருனி எழுப்பும் என நம்புதல் கூடாது.

உறக்கப் படிமத்தில் கடவுச்சொற்கள் உட்பட நினைவகத்தில் இருந்த யாவும் இருக்கும். மறையாக்கம் செய்யப்படாத இடமாற்றுப் பிரிவிலிருந்து இவற்றை மற்றவர் படிக்க இயலும். பழுது பார்க்கவோ விற்கவோ கணினியைக் கொடுக்கும் முன்னர் அதனை முழுவதும் அணைத்துவிட்டுக் கொடுக்கவேண்டும். ஒவ்வொரு தொடக்கத்திலும் புதிய திறவுகோலை உண்டாக்கும் மறையாக்க இடமாற்றுப் பிரிவில் உறங்குநிலை இயங்காது, ஏனெனில் படிமத்தைத் திறக்கும் திறவுகோல் அணைப்புடன் மறைந்துவிடும்.

விண்டோஸ் 7-க்கான மைக்ரோசாப்ட்டின் ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிவடைந்தது. அத்திட்டத்தின் தொடக்க ஆண்டு மடிக்கணினிகளில் இன்னும் இயங்குபவை, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை மட்டும் கொண்டிருப்பின் மேற்கூறிய சிதைவு அச்சமின்றி உறங்குநிலையைப் பயன்படுத்தலாம். அவற்றின் மின்கலம் தேய்ந்துபோயிருக்கும் என்பதால் மின்கல அளவைக் காட்டும் எண்ணை நம்பாமல், மின்சாரம் நின்றவுடனேயே கையால் உறங்கவைத்துவிடுவது நல்லது. தேய்ந்த மின்கலம் இருபது விழுக்காடு எனக் காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென நின்றுவிடும். படிமம் எழுதி முடிப்பதற்குப் பழைய வன்தட்டில் அரை நிமிடமாவது ஆகும்.